ஸ்கிட் பிளேட் பண்ணிக் குடுக்குற பட்டறைக்காரனோட நீண்டநாள் அனுபவம்: தகட்டு கனத்த விட போல்ட்டு முக்கியம்

மதுரை கப்பலூர் பக்கம் சின்னதா ஒரு பட்டறை வச்சு ஜீப்பு, தார், ஜிம்னி, பொலிரோ வண்டிகளுக்கு ஸ்கிட் பிளேட் (கல்லுல அடிபடாம வண்டிக்கு அடியில மாட்டுற தகடு), டிஃப் கார்டு (ஆக்சில் நடுவுல தொங்குற குண்டுக்கு மறைப்பு), ராக் ஸ்லைடர் (கதவுக்குக் கீழ ரெண்டு பக்கமும் மாட்டுற பைப்பு) எல்லாம் பண்ணிக் குடுத்துக்கிட்டு இருக்கேன். புதுசா மாட்டுன அன்னைக்கு பளபளன்னு இருக்குற தகடப் பத்தி எழுதுற ஆளு நெறைய இருக்காங்க, அதே தகடு ரெண்டு மூணு மழையப் பாத்து, பாறையில இழுபட்டு, சேறு காஞ்சு ஒட்டிக் கெடக்குறப்ப எப்படி இருக்குன்னு எழுதுறவங்க ரொம்பக் கம்மி. எங்ககிட்ட மாட்டுன வண்டி எப்ப வந்தாலும் காசு வாங்காம லிஃப்ட்ல ஏத்தி போல்ட்டு டைட் பாத்து விடுறோம், அப்படி வர்ற வண்டிகள கழட்டிப் பாத்து தெரிஞ்சுக்கிட்டதும், என் சொந்த பொலிரோவுல மாட்டி ஓட்டுறதுல தெரிஞ்சதும்தான் இது.

எங்களுக்கு வர்ற ஆளுக ரெண்டு வகை. மதுரை, திண்டுக்கல், விருதுநகர்ல இருந்து வர்ற தார், ஜிம்னி காரங்க, லீவு நாள்ல சிறுமலை, மன்னவனூர், மேகமலைன்னு போறவங்க. இன்னொண்ணு போடி, கம்பம், உத்தமபாளையம் பக்கத்து ஜீப்பு டிரைவருக. வெள்ளன இருட்டோட வேலையாளுகள ஏத்திக்கிட்டு போடி மெட்டு, கம்பம் மெட்டு ஏறி இடுக்கி ஏலத்தோட்டத்துக்குப் போயிட்டு சாயங்காலம் எறங்குற வண்டிக. தோட்டத்துக்குள்ள ரோடுன்னு ஒண்ணும் இருக்காது, கல்லும் வேரும் தண்ணி அரிச்ச பள்ளமும்தான், அதுலயே ஞாயித்துக்கெழம தவிர தெனமும் போகணும். ஒரு தார் ரெண்டு வருஷத்துல வாங்குற அடிய அந்த ஜீப்பு ஒரு மழைக்காலத்துலயே வாங்கிரும். அதனால எந்த டிசைனா இருந்தாலும் மொதல்ல ஏலத்தோட்ட ஜீப்புக்கு அடியிலதான் மாட்டிப் பாக்குறது.

எல்லாரும் மொத கேக்குறது "எத்தன எம்எம்ணே?". இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு 1 எம்எம் கனத்துக்கே 7.85 கிலோ வரும். 3 எம்எம் போட்டா இருவத்தி மூணரை கிலோ, 5 எம்எம் போட்டா 39 கிலோவ தாண்டிரும், அதுல பெரும்பங்கு முன்னாடி சஸ்பென்ஷன் மேலதான் உக்காரும், வண்டி மூக்கு எறங்கி தரைக்கும் அடிக்கும் இருக்குற கிளியரன்ஸும் கொறஞ்சு போகும். தட்டையான 5 எம்எம்ம விட, ரெண்டு ஓரமும் மேல மடிச்சு நடுவுல நீளவாக்குல ரெண்டு மடிப்பு விட்ட 3 எம்எம் தகடு நல்லா நிக்குதுங்கிறத கழட்டிப் பாத்த வண்டிகள்லயே பாத்துட்டோம். மடிப்புல கெடைக்கிற பலத்துக்கு எடை கெடையாது. போடி டிரைவர் அண்ணன் ஒருத்தரு கேட்டது இன்னும் ஞாபகம் இருக்கு: "தம்பி, நசுங்காத தகடெல்லாம் எனக்கு வேணாம்ப்பா, நசுங்குனா ஊர்லயே கழட்டி சுத்தியல்ல தட்டி நிமித்தி மறுநா வண்டிய எடுக்கணும், அப்படிப் போட்டுக் குடு". அவரு சொன்னதுதான் சரி. தகடு நசுங்கலாம், இஞ்சினுக்கு அடியில ஆயில் நிக்கிற சேம்பர் உடையக் கூடாது, அதுக்குத்தானே தகடே.

நசுங்குறதுக்கு எடம் வேணும். தகட்டுக்கும் ஆயில் சேம்பருக்கும் நடுவுல ஒரு இஞ்சாவது விடலைன்னா கல்லுல அடிபட்டு தகடு மேல வளையிறப்ப அடி நேரா சேம்பருக்கே போயிரும். தகட்டப் பிடிக்கிற பிராக்கெட் சேசிஸ்லயோ சேசிஸோட குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பர்லயோதான் நிக்கணும், கியர் பாக்ஸ் ஹவுசிங்ல இருக்குற ஓட்டையில மாட்டிக் குடுக்கச் சொல்லி சிலபேரு கேப்பாங்க, நாங்க மாட்டவே மாட்டோம், ஒரு கல்லு பட்டா வார்ப்பு உடைஞ்சு செலவு எங்கயோ போயிரும். ரெண்டு மூணு தகடா வர்ற செட்டுல ஓட்டு வீட்டுல ஓடு வேயுற மாதிரி முன் தகட்டோட பின் ஓரம் கீழ இருக்கணும், அடுத்த தகட்டோட முன் ஓரம் அதுக்கு மேல போயி ஒளிஞ்சுக்கணும், அப்பத்தான் வண்டி முன்னாடி போறப்ப கல்லு எங்கயும் கொக்கி போடாம வழுக்கிட்டுப் போகும்.

இப்ப போல்ட்டு. எங்க அனுபவத்துல ஒரு செட்டு நாள்பட நிக்கிறதும் நிக்காததும் இதுலதான் இருக்கு. ஆயில் மாத்துறப்ப தகட்ட முழுசா கழட்டணும்னு இருந்தா சர்வீஸ் பண்றவருக்கு அது கூடுதல் வேலை, திரும்ப மாட்டுறப்ப ரெண்டு போல்ட்டு கைக்கு எட்டலைன்னா அத விட்டுருவாங்க, விட்ட போல்ட்டுனால மத்த போல்ட்டு லூசாகி தகடு கடகடன்னு சத்தம் போட ஆரம்பிச்சு, சத்தம் தாங்காம ஓனர் தகட்டையே கழட்டி வீட்டுல போட்டுருவாரு. இது பல வண்டியில பாத்தது. அதனால எங்க பிளேட்டுல ஆயில் எறக்குற டிரெயின் நட்டுக்கு நேரா பெரிய ஓட்டை, ஓட்டையோட ஓரம் கீழ மடிச்சது, ஆயில் தகட்டு மேல தேங்காது. போல்ட்டு எல்லாமே எம்10 (10 எம்எம் கனம்), பலத்துல 8.8 கிரேடு, ஒரே 17 ஸ்பேனர்ல வேலை முடியணும். தலை கல்லுல தேயாம இருக்க தகட்டுல குழி அழுத்தி உள்ள எறக்கிருவோம். ஆலன் கீ போல்ட்டு பாக்க அழகா இருக்கும், ஆனா அதோட குழியில சேறு போயி கல்லா எறுகிக் கெடக்கும், மலை மேல ஊசிய வச்சு தோண்டிக்கிட்டு இருக்க முடியாது. பழைய ஜீப்புகளுக்கு நீள ஓட்டைதான் போடணும், சேசிஸ் எந்த வண்டியிலயும் கம்பெனியில இருந்து வந்த அளவுல இருக்காது.

காத்து ஓட்டையப் பத்தி கட்டாயம் சொல்லணும். சேறு, தண்ணி வெளிய போகவும் சூடு எறங்கவும் ஓட்டை வேணும், ஆனா மாசி பங்குனியில காஞ்ச புல்லும் சருகும் அந்த ஓட்டை வழியாவும் ஓரத்துலயும் புகுந்து தகட்டு மேல மெத்தை மாதிரி சேந்துரும். அதுக்கு நேர் மேல சைலன்சர் பைப்போ, பிஎஸ்6 டீசல் வண்டியா இருந்தா புகைக் கரிய வடிகட்டி எரிக்கிற டிபிஎஃப்போ இருந்துச்சுன்னா தீப்பிடிக்கிறதுக்கு வேற எதுவும் தேவையில்ல. அதனால சைலன்சர் லைனுக்குக் கீழ நாங்க தகடு போடுறதே இல்ல. கோடையில புல்லுக்காட்டுல ஓட்டிட்டு வந்தா அன்னைக்கே கீழ படுத்து சருகத் தள்ளி விடுங்க, தயவுசெஞ்சு இத தள்ளிப் போடாதீங்க.

பெயிண்டு விஷயத்துல எல்லாரும் பவுடர் கோட்டிங் கேப்பாங்க. பம்பருக்கு, ஸ்லைடருக்கு நல்லா இருக்கு. அடித்தகட்டுக்கு வேணாங்கிறது என் முடிவு. கல்லு பட்டு ஒரு எடத்துல பேந்துச்சுன்னா தண்ணி அந்த கோட்டிங்குக்கு அடியில பரவிரும், மேல பாக்க கருப்பா அழகா இருக்கும், உரிச்சா உள்ள பூராம் துரு. திரும்ப பவுடர் அடிக்கணும்னா 180, 200 டிகிரியில ஓவன்ல வைக்கணும், அதுக்கு யாரு கழட்டிக்கிட்டு வருவா? எப்பாக்சி பிரைமர் அடிச்சு மேல சாதா கருப்பு பெயிண்டு அடிச்சா பேந்த எடத்துல அவங்களே பிரஷ்ல பூசிக்கலாம். இடுக்கி மழையில ஓடுற ஜீப்புகளுக்கு கால்வனைசிங் பண்ணிக் குடுக்குறோம், கீறல் விழுந்தாலும் பக்கத்துல இருக்குற துத்தநாகம் அரிச்சு இரும்பக் காப்பாத்தும், ஆனா 450 டிகிரி குழம்புல முக்குறதால மடிப்பு இல்லாத தகடு முறுக்கிக்கும்.

அலுமினியமும் பண்றோம். 6 எம்எம் போட்டா சதுர மீட்டர் 16 கிலோ சொச்சம்தான், 3 எம்எம் இரும்ப விட வளையவும் வளையாது. மடிக்கிறதுக்கு 5052 கிரேடுதான் எடுக்கணும், 6061 டி6 நெருக்கமா மடிச்சா விரிசல் விடும். ஜிம்னி மாதிரி லேசான வண்டிக்கு அருமையான சாமான். பாறையில இரும்பு வழுக்குற அளவுக்கு அலுமினியம் வழுக்காது, கல்லு கிழிச்சுப் பிடிச்சுக்கும், இரும்பு போல்ட்டு தொடுற எடத்துல அரிப்பும் வரும், நைலான் வாசர் போட்டே ஆகணும். கிழிஞ்சா ஊர்ப்பக்கம் வெல்டு வைக்க ஆளு கெடைக்கிறது கஷ்டம்.

வண்டி முன்னாடி பம்பர்ல மாட்டுற இரும்புப் பைப்பு, அதான் புல் கார்டு, கிராஷ் கார்டு, எவ்வளவு பேரு கேட்டாலும் பண்றது இல்ல. 2017 டிசம்பர்லயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவ சொல்லி நடவடிக்கை எடுக்கச் சொல்லிருச்சு, அதுக்கும் மேல ரோட்டுல நடக்குறவங்க மேல அந்தப் பைப்பு மோதுனா என்னாகும்னு நெனச்சாலே மனசு வரல.

தொழிலா பாத்தா, கட்டிங்கும் பெண்டிங்கும் வெளிய ஜாப் ஒர்க் குடுத்துட்டு வெல்டிங், பிட்டிங், பெயிண்டு மட்டும் உள்ள வச்சுக்கிறதுதான் சின்ன ஆளுக்கு கட்டுப்படியாகுது. 8க்கு 4 ஷீட்டுல பிளேட்டு போக மிச்ச எடத்துல பிராக்கெட்ட நெருக்கி அடுக்குனா லாபமே அங்கதான் நிக்கும். ஆடி மாசம் கதவத் திறந்து வச்சு மிக் வெல்டிங் பண்ணாதீங்க, அந்தக் காத்து வெல்டக் காக்குற கேஸ அடிச்சுக்கிட்டுப் போயி வெல்டு பூராம் பொத்தல் பொத்தலா வரும். ஜிஎஸ்டில சின்ன வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டம் எடுத்தா வரி கம்மி, ஆனா வெளி மாநிலத்துக்கு பார்சல் அனுப்ப முடியாது, மூணாறு, குமுளி ஆர்டர் இருக்குறவங்களுக்கு அது ஒத்து வராது. 2025 செப்டம்பர் 22ல இருந்து வண்டி உதிரிபாகத்துக்கு 28ல இருந்து 18 சதவீதமா கொறஞ்சது பெரிய நிம்மதி, 20,000 ரூபா செட்டுக்கு 5,600 வரி வாங்குன எடத்துல இப்ப 3,600தான்.

வாங்குறவங்களுக்கு ஒண்ணு. மதுரைக்குள்ள மாட்டுத்தாவணிக்கும் பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கும் மட்டும் ஓடுற வண்டிக்கு கம்பெனி குடுத்த கார்டே போதும், நேர்ல வந்தாலும் இதத்தான் சொல்லி அனுப்புறேன். மலைப்பக்கம் அடிக்கடி போறவங்க மொத டிஃப் கார்டு மாட்டுங்க, ஏன்னா ஆக்சில்ல தொங்குற அந்தக் குண்டுதான் வண்டியிலயே தாழ்வா இருக்குறது, சேசிஸ்ல மாட்டுற எந்த பிளேட்டும் அத மறைக்காது. தாருக்கு பின்னாடி மட்டும், ஜிம்னிக்கு முன் பின் ரெண்டும் கட்ட ஆக்சில்ங்கிறதால (ரெண்டு சக்கரத்தையும் சேத்த ஒரே தண்டு) ரெண்டு கார்டு. அப்புறம் சேம்பர் பிளேட், ஸ்லைடர் கடைசியா காசு இருந்தா. மாட்டி மொத மலை எறங்குனதும் போல்ட்டு எல்லாத்தையும் ஒரு தடவ டைட் வச்சுருங்க.