சுடுதண்ணீர் பம்பில் செக் வால்வு: சக்‌ஷன் பக்கமா, டெலிவரி பக்கமா?

ஊட்டி, குன்னூர் பக்கம் பல வீடுகளில் கீசர் ஒரு மூலை, குளியலறை மறு மூலை. ஒரு வாளி பச்சைத் தண்ணீரைக் கொட்டிய பிறகுதான் சூடு வரும். அதற்காகத்தான், குழாயில் ஆறிய தண்ணீரை மறுபடி கீசருக்கே கொண்டுபோகும் ரிட்டர்ன் லைன் இழுத்துச் சின்ன சர்குலேஷன் பம்பு வைப்பது. கூடவே, தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் செக் வால்வும் கட்டாயம். இல்லாவிட்டால் குழாயைத் திறந்ததும், கீசருக்குள் போக வேண்டிய பச்சைத் தண்ணீர் ரிட்டர்ன் லைனில் எதிர்த்திசையில் ஏறி வந்து கலந்துவிடும். அதை எங்கே வைப்பது என்பதில்தான் பிளம்பருக்குப் பிளம்பர் பேச்சு மாறுகிறது.

பம்பின் வாய்க்குள்ளேயே வைத்து வருவது, சக்‌ஷன் பக்கம், டெலிவரி பக்கம் என்று மூன்று இடம். பம்புக்குள் தண்ணீர் நுழைவது சக்‌ஷன், வெளியேறுவது டெலிவரி. என் கட்சி டெலிவரி பக்கம்தான்.

சக்‌ஷனைச் சீக்கிரம் முடித்துவிடலாம். செக் வால்வு எதுவானாலும் கொஞ்சம் அழுத்தத்தைத் தின்னும். சமவெளியில் காற்றழுத்தம் 10.3 மீட்டர் நீருயரத்துக்குச் சமம்; ஊட்டியின் 2,240 மீட்டரில் அது சுமார் 7.9 மீட்டர்தான். தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். தாழ்வான ஓவர்ஹெட் டேங்க், 80 டிகிரி தொடும் சோலார் தண்ணீர், அதன்மேல் சக்‌ஷனில் ஒரு தடை என்று சேர்ந்தால், பம்புக்குள் நீராவிக் குமிழி உடைந்து கூழாங்கல் உருட்டுவதுபோலச் சத்தம் வரும். தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் அரிபடும்.

உள்ளேயே வால்வு உள்ள பம்பில் இடமும் இரண்டு ஜாயின்ட்டும் மிச்சம். ஆனால் லைனைக் காலி செய்து மறுபடி நிரப்பும்போது பம்புக்குள் காற்று சிக்கிக்கொள்ளும். காற்றைச் சுற்றும் பம்பால் வால்வைத் தூக்குமளவு தள்ள முடியாது. ஓடும், தண்ணீர் நகராது.

டெலிவரி பக்கம் வைப்பதன் உண்மையான லாபம் பராமரிப்பில் இருக்கிறது. பழைய ஜி.ஐ. பைப்பில் உதிரும் துருத்துணுக்கோ டெஃப்லான் டேப்பின் நூலோ வால்வின் தட்டு உட்காரும் சீட்டில் மாட்டினால் போதும், வால்வு முழுதாக மூடாது. தனி வால்வு என்றால் பம்பைத் தொடாமல் கழற்றலாம். தண்ணீர் போகும் திசையில் வரிசை இப்படி: பால் வால்வு (கைப்பிடியைத் திருப்பி மூடுவது), பம்பு, அரை இஞ்ச் டீயில் (மூன்று வாய் இணைப்பு) ஒரு வடிகுழாய், யூனியன் (கழற்றி மாட்டும் இணைப்பு), செக் வால்வு, யூனியன், பால் வால்வு. பம்பை ஒட்டி வால்வை வைத்தால் சுழலும் தண்ணீரில் தட்டு படபடவென்று அடிக்கும். முக்கால் இஞ்ச் லைனில் ஓரடி இடைவெளி போதும். அந்த டீதான் காற்றை விரட்டவும் உதவும். சுத்தம் செய்ய இரு பால் வால்வையும் மூடி, முதலில் வடிகுழாயைத் திறந்து சூட்டை இறக்குங்கள். பிறகு யூனியனைக் கழற்றி, பேனா முனையால் தட்டை அமுக்கிப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

வால்வு ஸ்பிரிங் வகையாக இருக்கட்டும். மடல் வகை, பம்பு நின்ற பிறகும் சூடு தானாகச் சுற்றுவதைத் தடுக்காது. ஜனவரி உறைபனி இரவில் அந்த நஷ்டம் சின்னதல்ல. மேலும் கீழுமாக 3 மீட்டர் உயரமுள்ள லைனில் 60 டிகிரித் தண்ணீருக்கும் 15 டிகிரித் தண்ணீருக்கும் உள்ள எடை வித்தியாசம் தரும் தள்ளு 5 செ.மீ. நீருயரம்தான். வழக்கமான ஸ்பிரிங் திறக்க 17 முதல் 35 செ.மீ. வேண்டும். அதே காரணத்தால், பம்பில்லாமல் தானாகச் சுற்றும் சோலாரில் பேனலுக்கும் டேங்குக்கும் நடுவே இந்த வால்வை வைத்துவிடாதீர்கள். சுற்றே நின்றுபோகும்.

இதெல்லாம் வீட்டு அளவுப் பம்புக்கு. லாட்ஜில் இரண்டு பம்பு இணையாக ஓடினால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வால்வு வேண்டும். பொதுவாக ஒன்று வைத்தால், நிற்கும் பம்பு வழியாகத் தண்ணீர் திரும்பிச் சுற்றும்.

வால்வு கசிகிறதா என்று தெரிய, பம்பை நிறுத்திச் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து, ரிட்டர்ன் லைனின் பால் வால்வை மூடுங்கள். மூடியதும் குழாயில் சூடு ஏறினால் கசிவுதான்.