யூவிட் படங்களோடு மூன்று ஆண்டுகள்: செந்தூல் பதினோராம் மாடி அனுபவம்

எங்கள் வீட்டு பால்கனியில் நின்றால் பத்து நட்சத்திரம் தெரிந்தாலே அதிர்ஷ்டம். மீதியைக் கோலாலம்பூர் வெளிச்சமும் புகைமூட்டமும் விழுங்கிவிடும். ஆனால் எம்33 என்ற சுருள் விண்மீன் மண்டலத்தின் இளம் விண்மீன் கொத்துகளை நான் தேடிப் பட்டியலிடுவது புற ஊதாவில். அதில் பெரும்பகுதியை ஓசோன் படலமே மறித்துவிடுவதால், கேமரன் மலைக்கே குடிபோனாலும் பயனில்லை. விண்ணிலிருந்து எடுத்த படத்தைத்தான் எல்லோரும் நம்ப வேண்டும்.

இஸ்ரோ 2015 செப்டம்பரில் ஏவிய ஆஸ்ட்ரோசாட் துணைக்கோளின் யூவிட் என்ற புற ஊதாத் தொலைநோக்கி தந்த படங்கள் இவை. பதிவு செய்துகொண்டால் இலவசம். கண்ணாடி 38 செ.மீ. தான், ஆனால் கூர்மை அபாரம். முன்பு நான் வைத்திருந்த, நாசாவின் கேலக்ஸ் புற ஊதாத் தொலைநோக்கிப் படங்களில் 5 விகலைக்குக் (ஒரு விகலை என்பது பாகையில் 3600-இல் ஒரு பங்கு) குறைந்தது எல்லாம் கலங்கிப்போகும். யூவிட்டில் அது ஏறத்தாழ 1.5. எம்33 சுமார் 27 லட்சம் ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அங்கே இந்த வித்தியாசம் 65 ஒளியாண்டுக்கும் 20 ஒளியாண்டுக்கும் உள்ள வித்தியாசம்.

எம்33-இல் விண்மீன்கள் பிறக்கும் என்ஜிசி 604 என்ற பெரிய வாயு மேகத்தை, வானியல் படங்களைக் காட்டும் டிஎஸ்9 மென்பொருளில் திறந்த இரவு நன்றாக நினைவிருக்கிறது. பழைய படத்தில் ஒரே வெள்ளைத் திட்டு. இதில் வெளிச்ச அளவுகோலை லாக் (மடக்கை) முறைக்கு மாற்றிப் பெரிதாக்கியதும் திட்டு உடைந்து, தனித்தனி முடிச்சுகளாக நின்றது. எட்டிப் பார்த்த மகள், "என்னப்பா, கொசு கடிச்ச மாதிரி இருக்கு" என்றாள். ஒவ்வொரு தடிப்பும் இளம் விண்மீன் கொத்து, அம்மா!

இனி தலைவலி. துணைக்கோள் மெல்ல ஆடிக்கொண்டே படமெடுக்கிறது. மூலத் தரவை எடுத்தால் அந்த ஆட்டத்தை நாமே திருத்த வேண்டும். சிசிடிலேப் என்ற மென்பொருள் அதைச் செய்யும், ஆனால் 8 ஜிபி மடிக்கணினி அழுதுவிடும். கூடுதல் ரேம் வாங்கப் போனேன், கடைக்காரர் பொருந்தாததைத் தந்து இரண்டு முறை அலையவிட்டார். யூவிட்டில், கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு அருகிலுள்ள அண்மைப் புற ஊதாவைப் பதியும் பகுதி வேறு 2018 மார்ச்சிலேயே செயலிழந்துவிட்டது. நிறம் பார்க்க இரண்டு அலைநீளம் வேண்டுமே! அதற்கு இன்னமும் கேலக்ஸிடம்தான் கையேந்துகிறேன். அப்போது யூவிட் படத்தையும் கேலக்ஸ் அளவுக்கு மங்கலாக்கித்தான் ஒப்பிட வேண்டும். வயிறு எரியும்.

நான் பட்ட பெரிய அடி, நிறத்தை நம்பியது. நீலமாக இருந்தால் இளசு, சிவந்தால் முதிர்ந்தது என்று குறித்துக்கொண்டே போனேன். எம்33-இன் சுருள் கரம் ஒன்றின் உள்விளிம்பில் ஒரு கொத்தைக் 'கிழம்' என்று எழுதியும் வைத்தேன். பிறகு, சூடான தூசைக் காட்டும் ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கியின் 24 மைக்ரான் அகச்சிவப்புப் படத்தை மேலே வைத்தால், அதே இடம் பளீரென்று எரிகிறது. தூசுக்குள் ஒளிந்திருந்த குழந்தை அது! தூசும் வயதும் புற ஊதாவில் ஒரே சாயத்தைத்தான் பூசுகின்றன. அந்த வாரம் முழுப் பட்டியலையும் அழித்துத் திரும்ப எழுதினேன்.

தனி விண்மீனா, கொத்தா என்ற சந்தேகமும் தீராது. ஹபிள் படம் உள்ள இடங்களில் சரிபார்த்துக்கொள்கிறேன், இல்லாத இடங்களில் கேள்விக்குறி போட்டுவிடுகிறேன். பட்டியலில் இப்போது கேள்விக்குறிகள்தான் அதிகம். தெற்குக் கரம் பாக்கி இருக்கிறது. ரேமும் ஒருவழியாகப் பொருந்திவிட்டது.