பியோதோயினா, வாட் அருணா: கோயில் நாணயங்களில் எதைச் சேர்ப்பது?

ஆசியக் கோயில்களும் பழங்கட்டடங்களும் பொறித்த நாணயங்களை மட்டும் சேர்ப்பது என்று முடிவெடுத்தபோது என் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று ஜப்பானின் பத்து யென்: 1951ஆம் ஆண்டு நாணயம் தொடங்கி இன்றுவரை ஒரே கோயிலைத் தாங்கி வருவது. மற்றது தாய்லாந்தின் பழைய வரிசை: சதாங்கில் (பாட்டின் நூறில் ஒரு பங்கு) தொடங்கிப் பத்து பாட் வரை மதிப்புக்கு ஒரு கோயிலாக அமைந்தது. முதலில் ஜப்பானைப் பிடித்தேன். இரண்டு ஆண்டுகளில் தாய்லாந்துக்கு மாறினேன். ஆகவே இந்த அலசல் நடுநிலையானதல்ல.

வேலைப்பாட்டை மட்டும் பார்த்தால் பத்து யென்னே மேல். கியோத்தோவை அடுத்த ஊஜியில் ஃபுஜிவாரா நோ யோரிமிச்சி 1053இல் எழுப்பிய பியோதோயின் கோயிலின் பீனிக்ஸ் மண்டபம், இருபுறமும் சிறகு விரித்தாற்போல, 23.5 மில்லிமீட்டர் வட்டத்துக்குள் நெருக்கடியே இல்லாமல் அமர்ந்திருக்கிறது. பத்து பாட்டில் இருக்கும் பாங்காக்கின் வாட் அருண் கோயில் அப்படியல்ல. சாவ்பிரயா ஆற்றங்கரையில் பீங்கான் துண்டுகள் பதித்து நிற்கும் அந்தக் கோபுரத்தின் நுணுக்கம் முழுவதும் பத்து பாட்டின் பொன்னிற நடுவட்டத்துக்குள் அடங்கவில்லை. விலையைப் பற்றிப் பேச அதிகமில்லை, புழங்கிய நாணயங்கள் இரண்டிலும் மலிவுதான். ஆண்டைப் படிப்பதற்கு இரண்டிலும் சிறு கணக்கு வேண்டும்: ஜப்பானிய மன்னராட்சிக் கணக்கில் ஷோவா 28 என்றால் 1925ஐக் கூட்டி 1953, தாய் எண்களில் புத்த ஆண்டு 2531 என்றிருந்தால் 543ஐக் கழித்து 1988.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. பத்து யென் என்பது ஏறத்தாழ 95 சதவீதம் செம்பு. மீதி துத்தநாகமும் சிறிது வெள்ளீயமும். நம் வீட்டுச் செம்புக் குடம் என்ன பாடு படுத்துமோ அதே பாட்டை இதுவும் படுத்தும். கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் என் சென்னை வீட்டில், ஐப்பசி மழை முடிவதற்குள் பளபளப்பான நாணயம் பழுப்பாகிறது. வெறுங்கையால் தொட்டிருந்தால் வியர்வையின் உப்பு விரல் ரேகையைக் கறுப்பாகவே பதித்துவிடுகிறது. விளிம்பில் வரிகள் கொண்ட பழைய பத்து யென்கள் 1951 முதல் 1958 வரையிலான ஆண்டுகளைத் தாங்கியவை. சேகரிப்பாளர்கள் விரும்பித் தேடுபவை. அவற்றில் ஐந்தை மலிவான பிளாஸ்டிக் ஆல்பம் ஒன்றில் செருகி வைத்திருந்தேன். அந்த உறை பிவிசி என்பதும், நாள்பட அது வெளிவிடும் அமிலம் செம்பைத் தின்னும் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. ஓராண்டு கழித்துத் திறந்தபோது, மண்டபத்தின் கூரை மேல் பசைபோன்ற பச்சைக் களிம்பு படிந்திருந்தது.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் பெரிய தவறு. களிம்பு என்றதும் கை தானாகப் புளியைத் தேடியது. 1953ஆம் ஆண்டு நாணயத்தைப் புளி தேய்த்துக் கழுவினேன். களிம்பு போயிற்று, கூடவே ஐம்பது அறுபது ஆண்டுகளாகப் படிந்திருந்த பழுப்பும் போய், நாணயம் சதை தெரிவதுபோல் இளஞ்சிவப்பாக நின்றது. குத்துவிளக்குக்கு அது அழகு. நாணயத்துக்கோ அதுவே மதிப்பிழப்பு, ஏனெனில் தேய்த்துக் கழுவிய செம்பைப் பழகிய கண் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடும். மைலார் எனும் பாலியெஸ்டர் உறை, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம், பஞ்சுக் கையுறை ஆகியவை இருந்தால் பத்து யென்னையும் காக்கலாம் என்பது உண்மையே. ஆனால் ஆறு ரூபாய்கூடப் பெறாத நாணயத்துக்கு ஆண்டு முழுவதும் காவல் இருக்க எனக்குப் பொறுமை இல்லை.

தாய் வரிசையில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. 1988இல் வந்த பத்து பாட்டின் வெளிவளையம் செம்பு நிக்கல் கலவை. நடுவட்டம் அலுமினிய வெண்கலம். நடுவட்டத்திலும் செம்பே மிகுதி என்றாலும், அலுமினியம் மேற்பரப்பில் உருவாக்கும் மெல்லிய படலம் காற்றையும் ஈரத்தையும் தடுக்கிறது. அதே பிவிசி ஆல்பத்தில் அடுத்த பக்கத்தில் இருந்த பத்து பாட் சற்று மங்கியதோடு தப்பியது. ஒரு பாட்டில் வாட் பிரா கேயோ, இரண்டில் வாட் சகெத், ஐந்தில் வாட் பெஞ்சமபோபித், ஐம்பது சதாங்கில் சியாங் மாயின் தோய் சுதேப், இருபத்தைந்தில் நக்கோன் சி தம்மராத்தின் மகாதாத் என்று புழக்கத்தில் இருந்தவற்றைக் கொண்டே ஒரு நாட்டின் கோயில்களைச் சுற்றி வரலாம். 2018இல் புதிய மன்னரின் நாணயங்கள் வந்தபோது கோயில்களின் இடத்தை அரச இலச்சினை பிடித்துக்கொண்டது. ஆகவே இது முடிந்துபோன வரிசை, முழுமையாகச் சேர்த்துவிட முடியும். தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாண்டை ஒட்டி 2010இல் வந்த நம் ஐந்து ரூபாயை அவற்றின் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அது வரிசையில் சேராது, ஆசைக்காக வைத்தது.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 2008க்குப் பிறகு வந்த 25, 50 சதாங்குகள் செம்பு முலாம் பூசிய எஃகு, காந்தத்தில் ஒட்டும். முலாம் கீறினால் துருப்பிடிக்கக் கூடியவை என்பதால், பழைய அலுமினிய வெண்கல ஆண்டுகளையே வாங்குகிறேன். என் அனுபவம் நான்கு மழைக்காலங்கள் மட்டுமே. இருபது ஆண்டு கணக்கை என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. வறண்ட ஊரில் இருப்பவருக்கு என் தராசு பொருந்தாமலும் போகலாம். அவர் தயங்காமல் பத்து யென்னை வாங்கலாம்.

புளி பட்ட அந்த 1953ஆம் ஆண்டு நாணயத்தை விற்கவில்லை. மேசையின் மேல் திறந்தே கிடக்கிறது; மண்டபத்தின் இடச் சிறகில் பழுப்பு மறுபடி ஏறத் தொடங்கியிருக்கிறது.