640 டொலர் போச்சு: மஸ்கி லூர் இணையத்தில் வாங்குகிறவர்கள் ஒருக்கால் வாசியுங்கள்

640 டொலர். "நீங்களே விரும்பி அனுப்பிய காசு, எங்களால் ஒன்றும் செய்ய முடியாது" என்று நேற்று வங்கியில் கையை விரித்துவிட்டார்கள். கோபம் ஆற முதல் எழுதிவிடுகிறேன். ரொறன்ரோவிலிருந்து கவார்த்தா ஏரிகளுக்கு மஸ்கி என்கிற பெரிய வேட்டை மீன் பிடிக்கப் போகிற நம்மவர்கள் இப்போது நிறையப் பேர். குளிர் வர வர மீன் கொழுக்கும், எல்லோரும் பெரிய லூர், அதாவது கொக்கி பூட்டிய செயற்கை இரை, தேடுவார்கள். இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். எப்படித் தப்புவது என்றும் கடைசியில் சொல்கிறேன்.

பொருட்கள் வாங்கி விற்கும் ஒரு தளத்தில் விளம்பரம் பார்த்தேன். கையால் கட்டிய மஸ்கி லூர், மான்வால் மயிர் அல்லது இறகு, ஒன்று 40 டொலர். கையால் கட்டியதற்கு அது நியாயமான விலைதான், மலிவு என்று சந்தேகப்பட இடமில்லை. மெசேஜ் போட்டேன். என் பெயரைப் பார்த்ததும் தமிழிலேயே பதில் வந்தது.

"அண்ணை, இறகோ மயிரோ எண்டு முடிவெடுக்க முதல், எந்த மாசம் போறியள், ரீலை எவ்வளவு வேகமா சுத்துவியள் எண்டு சொல்லுங்கோ."

இந்தக் கேள்விதான் என்னை விழுத்தியது. இது தெரிந்தவன் கேட்கிற கேள்வி. கடைகளில் நிற்கிற பொடியளே இதைக் கேட்பதில்லை, நிறத்தைக் காட்டி விற்றுவிடுவார்கள்.

அவன் சொன்ன விளக்கமும் பிழையில்லை. மான்வால் மயிர் ஓரளவு உள்ளீடற்றது, அதிலும் வாலின் அடிப்பகுதி மயிர். நூலை இறுக்கிக் கட்டினால் விரிந்து நிற்கும், தண்ணீரில் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். சுழலுகிற உலோகத் தகடு, 10ஆம் இலக்க பிளேட், இரண்டு போட்டு வேகமாக இழுத்தாலும் லூரின் உருவம் ஒடுங்காது. மஸ்கியின் பல்லுக்கும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். மராபூ இறகு அதற்கு நேர்மாறு. இன்று அந்தப் பெயரில் விற்பது வான்கோழியின் மெல்லிறகு. மெதுவாக இழுத்து, ஒரு கணம் நிறுத்தினால் விரிந்து மூச்சு விடுவதுபோல் அசையும். தண்ணீர் குளிர்ந்து மீன் மந்தமாகக் கிடக்கும்போது அந்த அசைவுக்கு ஈடில்லை. வேகமாக இழுத்தால் ஒட்டிச் சுருங்கிவிடும், இரண்டு மூன்று மீன் கடித்தால் வால் கிழிந்துபோகும். சேவல் கழுத்து இறகு நீளமாக நெளியும், அது வேறு ஆட்டம்.

"உங்களுக்கு ரெண்டும் வேணும் அண்ணை. எட்டு இறகு, எட்டு மயிர்." பதினாறு லூர், 640 டொலர். குளியல் தொட்டியில் ஒரு லூரை இழுத்துக் காட்டுகிற வீடியோவும் அனுப்பினான். மராபூ அழகாக விரிந்து மூடியது. பிறகு, "தளத்துக்குள்ள கட்டினா அவங்கள் கமிசன் வெட்டுவாங்கள், ஈ-ட்ரான்ஸ்ஃபர் போட்டு விடுங்கோ அண்ணை, எங்கட ஆக்களுக்குள்ள என்ன" என்றான். அனுப்பினேன். கடவுச்சொல் கேட்காமல் காசு நேரே கணக்கில் விழுகிற ஓட்டோ டிபொசிட் போட்டு வைத்திருந்திருக்கிறான், அனுப்பிய கையோடு காசு அவனிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

பார்சல் வந்தது. திறந்ததுமே ஏதோ இடித்தது. மானின் வால் முதுகுப் பக்கம் கபிலம், அடிப்பக்கம் வெள்ளை. எவ்வளவு சாயம் போட்டாலும் கபிலப் பக்கத்து மயிர் கொஞ்சம் இருண்டே நிற்கும், நுனி ஒவ்வொன்றும் மெலிந்து முடியும். இதிலோ எல்லா மயிரும் ஒரே நிறம், ஒரே தடிப்பு, நுனி கத்தரியால் நறுக்கியது. ஒன்றை உருவி லைட்டரில் பிடித்தேன். மயிரென்றால் கருகி, தலைமுடி பொசுங்கிய மணம் வரும், விரலில் தேய்த்தால் தூளாகும். இது உருகி நுனியில் கறுப்பாக ஒரு மணி கட்டியது. நகத்தால் நெரித்தேன், உடையவில்லை. பிளாஸ்டிக். அமெரிக்காவின் விஸ்கொன்சினில் லூர் செய்கிற மெப்ஸ் நிறுவனம் இன்றும் வேட்டைக்காரரிடம் அணில் வால் வாங்கி லூர் கட்டுகிறது. எந்தச் செயற்கை நாரும் அந்த வேலையைச் செய்யாது என்பதால்தானே? இவன் பொம்மைக்கு ஒட்டுகிற நாரைக் கட்டி மான் என்று விற்றிருக்கிறான்.

இறகும் மராபூ இல்லை. தண்டு தடித்த, கைவேலைக் கடைச் செட்டை. வாளியில் இழுத்தேன், அசையவே இல்லை. கொஞ்ச நேரத்தில் வாளித் தண்ணீர்தான் சிவந்தது.

கேட்டதற்கு முதல் பதில்: "நல்லா ஊறவிட்டுப் பாருங்கோ அண்ணை, சரிவரும்." ஊறவிட்டேன். அடுத்தது: "நீங்கள் சுத்துற வேகம் பிழை." எரித்த மயிரின் படத்தை அனுப்பினேன். "ஆரண்ணை லூரை எரிச்சுப் பாக்கிறது? கையால செய்தது, திருப்பி எடுக்கிறதில்லை." அதற்குப் பிறகு அண்ணையும் இல்லை, பதிலும் இல்லை. தளத்துக்கு முறையிட்டேன். வெளியே காசு கட்டியதால் பாதுகாப்புத் திட்டம் பொருந்தாதாம். ஒரே பதிலை வெட்டி ஒட்டி மறுபடி மறுபடி அனுப்பினார்கள். வங்கி சொன்னதை மேலேயே எழுதிவிட்டேன்.

காசைவிட ஒன்று வயிறெரிய வைக்கிறது. கவார்த்தாவின் பிஜன் ஏரியில் அந்த லூர் ஒன்றை ஒரு மஸ்கி படகோரம் வரை துரத்தி வந்து கடித்தது. கொக்கியைப் பிடித்திருந்த வளையம் நிமிர்ந்துவிட்டது. மும்முனைக் கொக்கி வாயில் குத்தியபடியே மீன் போய்விட்டது. குறட்டால் கொக்கியைக் கழற்றி, மீனைத் தண்ணீரிலேயே பிடித்து ஆற வைத்து விடத்தானே நாங்கள் இவ்வளவு பாடுபடுகிறோம். அது என்ன ஆனதோ தெரியாது. 640 டொலர் கொடுத்து அந்த மீனுக்கு நான் செய்தது இது.

சரி, சொன்னபடி: தளத்துக்கு வெளியே காசு அனுப்பாதீர்கள், "எங்கட ஆக்கள்" என்றாலும். முதலில் ஒன்றே ஒன்று வாங்கி, ஒரு மயிரை எரித்துப் பாருங்கள். வெள்ளைத் துணியை நனைத்து வாலைத் துடைத்தால் சாயம் இறங்குகிறதா தெரிந்துவிடும். வளையத்தைக் குறட்டால் இழுத்துப் பாருங்கள். வீடியோவை நம்பாதீர்கள், அதில் காட்டுவது நல்ல லூர், பெட்டியில் வருவது வேறு.

இன்று காலை பார்த்தேன், அதே படங்கள் வேறு பெயரில் திரும்பவும் ஏறியிருக்கின்றன. தங்க நிற பிளேட், சிவப்புக் கறுப்பு வால், பின்னால் நீல ஓடு பதித்த குளியலறைச் சுவர். அந்தச் சுவரைக் கண்டால் ஒரு சதமும் அனுப்பாதீர்கள். தளத்தில் முறையிட்டு வையுங்கள், ஒருவர் சொன்னால் அவர்கள் அசைய மாட்டார்கள்.