சின்னப் புகைக்கூண்டுக்கு எந்த விறகடுப்பு? இரும்பா, மண்ணா?

அலங்காநல்லூர் பக்கம் இருக்கும் எங்கள் பழைய ஓட்டு வீட்டைப் பழுது பார்த்தபோது, அடுப்படியில் அப்பத்தா காலத்துச் செங்கல் புகைக்கூண்டை இடித்துவிடலாம் என்று கொத்தனார் சொன்னார். அம்மா விடவில்லை. உள்ளே இரண்டரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம். குனிந்து தலையை விட்டு அண்ணாந்து பார்த்தால் கைக்குட்டை அளவுக்கு வானம் தெரியும். டீக்கும் அவசரச் சமையலுக்கும் கேஸ் இருக்கிறது. ஆனால் மாட்டுக்குக் கஞ்சி, குளிக்க வெந்நீர், ஆள் கூடும் நாளில் பெரிய பானைச் சோறு என்று எல்லாவற்றையும் 14.2 கிலோ சிலிண்டரில் ஏற்றினால் கட்டுப்படியாகாது. வயலோரத்தில் சீமைக்கருவேலம் சும்மா கிடக்கிறது. அதனால் விறகடுப்பு வேண்டும் என்பது முடிவாகிவிட்டது. எந்த அடுப்பு என்பதில்தான் ஒரு வருடம் போனது.

கொடைக்கானல் பழைய பங்களாக்களில் இருப்பது போன்ற வார்ப்பிரும்பு அடுப்பை ஒரு நண்பர் சொன்னார். அது அறையைச் சூடாக்குவதற்கு. சித்திரையில் நாற்பது டிகிரியைத் தொடும் ஊரில் அதைப் பேசவே வேண்டாம்.

அடுத்தது விசிறி வைத்த அடுப்பு. சித்தப்பா வீட்டிலிருந்து ஒரு மாதம் வாங்கி வைத்திருந்தோம். புகை மிகவும் குறைவு, தண்ணீர் சீக்கிரம் கொதிக்கிறது. ஆனால் விறகை விரல் நீளத்துக்கு நறுக்கி மேலிருந்து போட வேண்டும். கருவேல முள்ளைக் கழித்து அவ்வளவு சிறிதாக வெட்ட யாருக்குப் பொழுது இருக்கிறது? பேட்டரிக்குச் சார்ஜ் போடும் வேலை வேறு. எனக்கு ஒரு மாதப் பழக்கம்தான். நான்கு பேருக்குள் சமைக்கிற வீட்டுக்கு அது ஒத்துவரலாம்.

உண்மையான போட்டி இரும்பு ராக்கெட் அடுப்புக்கும் மண் அடுப்புக்கும்தான். ராக்கெட் அடுப்பின் சூத்திரம் எளிமையானது. 1980களில் அமெரிக்காவில் லாரி வினியார்ஸ்கி என்பவர் வடிவமைத்தது. எல் வடிவத்தில் ஒரு குழாய். கீழ்வாயில் விறகு, நிமிர்ந்த பகுதியில் தீ. குழாயைச் சுற்றி வெப்பம் வெளியே போகாதபடி லேசான பொருளை அடைத்திருப்பார்கள். உள்ளே சூடு ஏற ஏற, புகையாகப் போக வேண்டியதும் அங்கேயே எரிந்துவிடுகிறது. நாங்கள் ஒன்று வாங்கி எட்டு மாதம் எரித்தோம். விறகு கிட்டத்தட்ட பாதிதான் செலவானது. வைத்த ஐந்து நிமிடத்தில் தீ நின்று எரியும். ஊதாங்குழலைத் தேட வேண்டியதில்லை. அதன் மேல் எனக்கு இன்றும் மதிப்பு உண்டு.

ஆனால் சோறு வடிக்கும் வீட்டில் கஞ்சி வழியாமல் இருக்குமா? பழுத்துச் சிவந்த தகட்டில் உப்புப் போட்ட கஞ்சி வழிந்து சுர்ரென்று காயும்; மறுநாள் அந்த இடம் துருவேறிப் பொருக்குத் தட்டியிருக்கும். எட்டாவது மாதம் சாம்பல் அள்ளும்போது உள்குழாயின் அடி வளைவை விரலால் அழுத்திப் பார்த்தேன். அப்பளம் மாதிரி நொறுங்கியது. வெல்டிங் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனால், "தகடு இவ்வளவு மெலிஞ்சிட்டா வெல்டிங் பிடிக்காதுண்ணே, ஓட்டைதான் பெருசாகும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கனத்த தகட்டில் செய்ததோ, உள்ளே சுட்ட மண் குழாய் வைத்ததோ இன்னும் அதிக நாள் உழைக்கும். நான் வாங்கியது விலை குறைந்த ரகம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

என்னைப் பொறுத்தவரை எல்லாமே இந்தப் பராமரிப்பில்தான் வந்து நிற்கிறது. அடுப்பு என்றைக்காவது பழுதாகத்தான் செய்யும். அதை யார் சரிசெய்வது, எத்தனை நாளில், எதை வைத்து? 1980களில் மத்திய அரசு நாடு முழுக்கப் புகையில்லா அடுப்புகளைக் கட்டிக்கொடுத்தது. பல ஊர்களில் சில வருடங்களிலேயே அவற்றைக் கைவிட்டுவிட்டார்கள். புகைக்குழாய் அடைத்துக்கொண்டது, அடுப்பு வெடிப்பு விட்டது, சரிசெய்ய ஆள் வரவில்லை. அடுப்பின் வடிவம் நன்றாக இருந்தாலும் அதை எரிப்பவர் கையால் பழுது பார்க்க முடியாவிட்டால் அது நிலைக்காது. அம்மா இதை ஒரே பேச்சில் சொன்னார்: "தம்பி, மண்ணு விட்டுப்போச்சுன்னா நானே பூசிக்குவேன். தகரம் போச்சுன்னா உனக்குப் போனைப் போட்டுட்டு உக்காந்திருக்கணும்."

அதனால் மண்ணில்தான் கட்டினோம். ஆனால் பழைய கொடி அடுப்பை, அதாவது முன் அடுப்பின் தீ பின்னால் இன்னொரு வாய்க்கும் போகும் அடுப்பை, அப்படியே திருப்பிக் கட்டவில்லை. பழைய அடுப்பின் குறை எனக்குத் தெரியும்: கனத்த மண் சுவர் முதலில் சூட்டைக் குடிக்கும், பானைக்கு அப்புறம்தான் வரும். ராக்கெட் அடுப்பின் எல் வடிவத்தை எடுத்துக்கொண்டோம். தீ படும் உள்சுவருக்குக் களிமண்ணில் உமியை நிறையக் கலந்தோம். உமி எரிந்துபோன இடமெல்லாம் சின்னச் சின்னத் துளையாகி, சுவர் லேசாகிவிடும், சூட்டையும் அதிகம் இழுக்காது. அதற்கும் வெளிச் செங்கலுக்கும் நடுவில் அரிசி ஆலையிலிருந்து வாங்கி வந்த உமிச்சாம்பலை அடைத்தோம். வெளிப்பூச்சு கரம்பை என்கிற கண்மாய் வண்டலும் செம்மண்ணும் நறுக்கிய வைக்கோலும். பின்பக்கம் கொடி அடுப்பு வைத்து, மிஞ்சிய சூடு வெந்நீர்ப் பானையின் அடியில் போய்ப் பிறகு கூண்டுக்குள் ஏறும்படி விட்டோம். இரண்டு வாரம் நிழலில் உலரவிட்டு, முதல் மூன்று நாள் சுள்ளி மட்டும் எரித்தோம்.

விறகை மிச்சம் பிடிப்பதில் இரும்பு அடுப்பே இன்னும் கொஞ்சம் மேல். காலையில் முதல் பானை கொதிக்க மண் அடுப்புக்குக் கூடுதல் நேரம் ஆகிறது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் கஞ்சி வழிந்தால் மண் குடித்துக்கொள்கிறது. வாய்ப்பக்கம் விறகு இடித்து உதிர்ந்தால் ஒரு கை செம்மண், பத்து நிமிடம். வெள்ளிக்கிழமை தோறும் சாணி மெழுகும்போது அம்மா விரிசல்களைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து அடைத்துவிடுவார். ஐப்பசி அடைமழையில் ஓட்டுச் சந்து வழியே தண்ணீர் இறங்கி, பானை உட்காரும் மண் குமிழ்களில் ஒன்று கரைந்துபோனது. மறுநாளே புதுக் குமிழ் உருட்டி வைத்தாயிற்று.

எந்த அடுப்பை வைத்தாலும் பழைய புகைக்கூண்டில் ஒரு வேலை உண்டு. அதன் வாய் அகலமாக இருந்தால் அறைக் காற்றும் சேர்ந்து ஏறிப் புகையைக் குளிர வைக்கும். குளிர்ந்த புகை வீட்டுக்குள் திரும்பும். நாங்கள் கடப்பைக் கல்லால் வாயை அடைத்து, ஐந்து அங்குலத் துளை விட்டு, அதில் சுட்ட மண் குழாயைச் சொருகினோம். பற்றவைக்கும் முன் ஒரு பன்னாடையைக் கொளுத்தித் துளைக்கு நேரே பிடித்தால் குழாய் சூடேறி இழுக்கத் தொடங்கிவிடும். மாதம் ஒருமுறை கயிற்றில் தேய்ந்த விளக்குமாற்றைக் கட்டி மேலிருந்து விட்டு இழுக்கிறோம். விறகு ஈரமாக இருந்த மாதத்தில் பிசுபிசுப்பான கரி அப்படி விழுந்தது. காய்ந்த விறகு எரித்த மாதத்தில் ஒரு கைப்பிடிப் பொடிதான்.

வாடகை வீடு, முற்றத்தில் எப்போதாவது சமையல், அடிக்கடி இடம் மாற்ற வேண்டும் என்பவர்கள் இரும்பு ராக்கெட் அடுப்பையே வாங்கலாம், கனத்த தகடா என்று தட்டிப் பார்த்து. புகைக்கூண்டு உள்ள சொந்த வீட்டில், கரம்பை கிடைக்கிற ஊரில், நான் மண்ணைத்தான் சொல்வேன். எங்கள் அடுப்புக்கு ஒன்றரை வருடம் ஆகிறது. உமிச் சுவர் இன்னும் உதிரவில்லை.