பேனல் பேனலாகத் துடைப்பதா, மொத்தமாகப் பூசிக் காயவிடுவதா?

காருக்கு வேக்ஸ் போடுகிறவர்களில் இரண்டு கட்சி உண்டு. முதல் கட்சி வண்டி முழுக்கப் பூசிவிட்டு, உள்ளே போய் ஒரு காபி குடித்து, எல்லாம் வெள்ளை பூத்ததும் வந்து ஒரேயடியாகத் துடைக்கும். இரண்டாவது கட்சி ஒரு கதவுக்குப் பூசும், சில நிமிஷத்தில் துடைக்கும், அப்புறம்தான் அடுத்த கதவு. கதவு, பானெட், டிக்கி என்று வண்டியின் ஒவ்வொரு பாகத்தையும்தான் பேனல் என்கிறேன். ஸ்ப்ரே வேக்ஸ் ஆட்கள் தனி, அடித்த கையோடு துடைத்துவிடுவதால் இந்தக் கேள்வியே அவர்களுக்குக் கிடையாது. நான் இரண்டையும் செய்துபார்த்து பேனல் கட்சியில் சேர்ந்தவன், அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும்.

எவ்வளவு நேரம் விடணும் என்ற கேள்விக்கு டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் பாதிப் பதில் கிடைத்துவிடும். பேஸ்ட் வேக்ஸில் பெயர்போன கார்னாபா, பிரேசிலின் வடகிழக்குப் பகுதியில் வளரும் ஒரு பனை வகையின் ஓலையிலிருந்து எடுக்கும் மெழுகு. 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால்தான் உருகும், அவ்வளவு கெட்டி. அதைத் தடவுகிற பதத்துக்குக் கொண்டுவரத்தான் கரைப்பானும் எண்ணெயும் கலக்கிறார்கள். பூசியபிறகு அந்தக் கரைப்பான் ஆவியாகிப் போக எடுக்கும் நேரம்தான் நாம் காத்திருக்கும் நேரம். அது போய்விட்டால் மேலே மங்கலாக வெள்ளை பூக்கும், வேலை முடிந்தது. ராத்திரி முழுக்க விட்டால் இன்னும் நன்றாகப் பிடிக்கும் என்று சிலர் சொல்வார்கள். இந்த வகை வேக்ஸில் பெயிண்டில் ஒட்ட வேண்டிய மெல்லிய படலம் அதற்கு முன்பே ஒட்டியிருக்கும், மிச்சம் மேலே கிடந்து இறுகுவதுதான் நடக்கும்.

மொத்தமாகப் பூசுவதில் நல்லது இல்லாமல் இல்லை. அலைச்சல் குறைவு, துணியை மாற்றி மாற்றி எடுக்க வேண்டாம். சிந்தெட்டிக் சீலண்ட், அதாவது மெழுகுக்குப் பதில் செயற்கைப் பாலிமரால் ஆன பூச்சு, வாங்கியிருந்தால் அதுதான் சரியான வழியும்கூட, ஏனென்றால் அதிலுள்ள பாலிமர் பெயிண்டைப் பிடிக்க நேரம் வேண்டும். அரை மணி நேரம் விடச் சொல்லும் சீலண்டுகள் உண்டு, துடைத்தபிறகும் சில மணி நேரம் தண்ணீர் படக்கூடாது என்று சொல்பவையும் உண்டு. அதை மூன்று நிமிஷத்தில் துடைத்து எடுத்தால் காசுதான் வேஸ்ட்.

ஆனால் எனக்கு முடிவைத் தீர்மானித்தது காயும் நேரமோ பளபளப்போ இல்லை, தூசு. நான் இருப்பது சென்னையில் ஆற்காடு ரோடு பக்கம். மெட்ரோ வேலை ஆரம்பித்ததிலிருந்து அந்த ரோட்டில் போய்வருகிறவர்களுக்கு நான் என்ன சொல்கிறேன் என்று விளக்க வேண்டியதில்லை. எங்கள் அபார்ட்மெண்டில் கார் நிற்பது கட்டடத்துக்குக் கீழே தூண்களுக்கு நடுவில், மூன்று பக்கம் திறந்த இடம். அங்கே பானெட்டில் ஈரமாக வேக்ஸை வைத்துவிட்டு முக்கால் மணி நேரம் உள்ளே போனால், வரும்போது அதன்மேல் ஒரு நரநரப்பு உட்கார்ந்திருக்கும். சும்மா இருக்கிற பெயிண்டில் விழும் தூசு என்றால் தண்ணீர் அடித்துக் கழுவிவிடலாம். வேக்ஸுக்குள் விழுந்தது அதிலேயே ஒட்டிக்கொள்ளும், அதைத் தண்ணீரால் எடுக்க முடியாது, துணியால் தேய்த்துத்தான் எடுக்கணும். அந்தத் தூசில் இருப்பது மணலும் சிமெண்டும். நம் பெயிண்டுக்கு மேலே இருக்கும் நிறமில்லாத பூச்சான க்ளியர் கோட் பெரும்பாலான கார்களில் 50 மைக்ரானை ஒட்டித்தான் இருக்கும், தலைமுடி கனத்துக்கும் குறைவு. மணல் அதைவிடக் கெட்டி. ஆக, பாதுகாப்புக்கு என்று போடுகிற வேக்ஸை உப்புத்தாள் மாதிரி ஆக்கி நாமே வண்டியில் தேய்க்கிறோம்.

இதில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்ளும். மொத்தமாகப் பூசும்போது முதலில் பூசிய ரூஃபும் கடைசியில் பூசிய டிக்கியும் ஒரே அளவு காய்ந்திருக்காது. கடைசிப் பக்கம் பதத்துக்கு வரும்போது முதல் பக்கம் பதம் தாண்டி இறுகியிருக்கும், அழுத்தித் தேய்த்தால்தான் வரும். தூசும் அழுத்தமும் சேர்ந்தால் வட்ட வட்டமாகக் கோடு விழுவது நிச்சயம். பகலில் தெரியாது. ராத்திரி பெட்ரோல் பங்கில் அந்த வெள்ளை எல்.இ.டி. விளக்குக்குக் கீழே நிறுத்திப் பாருங்கள், சிலந்தி வலையாகத் தெரியும், அடர்நிற வண்டி என்றால் கேட்கவே வேண்டாம்.

பேனல் முறையில் ஈர வேக்ஸ் வெளியே திறந்து கிடப்பது சில நிமிஷம்தான். தூசு விழ நேரமே கொடுப்பதில்லை, அவ்வளவுதான் அதன் ரகசியம்.

கடிகாரத்தை நம்பாதீர்கள், விரலை நம்புங்கள். பூசிய இடத்தில் ஓரமாகச் சுத்தமான விரலால் ஒரு கோடு இழுங்கள். விரல் போன பாதையில் பெயிண்ட் பளிச்சென்று தெரிந்தால் துடைக்கலாம். பிசுபிசுவென்று இழுபட்டு மங்கலாகப் பரவினால் இன்னும் ஆகவில்லை. மே மாதம் நிழலில்கூட இரண்டு மூன்று நிமிஷத்தில் இந்தப் பதம் வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் அதே டப்பா பத்து நிமிஷம் ஆனாலும் இழுபடும், ஆகவே அட்டையில் போட்டிருக்கும் நேரத்தை ஒரு தோராயமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கையை வைத்தால் சுடுகிற பேனலில் ஆரம்பிக்கவே வேண்டாம், வெயிலில் நின்ற வண்டி என்றால் நிழலுக்குக் கொண்டுவந்து ஆறவிட்டுச் செய்யுங்கள். சிலவற்றை முழுக்கக் காயவிடக்கூடாது என்று அட்டையிலேயே போட்டிருக்கும். காலினைட் 476எஸ் மாதிரி கெட்டியான பேஸ்ட்டைப் பயன்படுத்துகிறவர்கள் பேனல் பேனலாகத்தான் போகிறார்கள், காயவிட்டால் அதைத் துடைப்பதற்குள் கை கழன்றுவிடும்.

பூசும் கனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மெல்லிசாக இருந்தால் போதும். தடிப்பாகப் பூசினால் பாதுகாப்பு அதிகமாகிவிடாது, காயும் நேரமும் துடைக்கும் பாடும்தான் கூடும். டிக்கியில் இருக்கும் மாடல் பெயர் எழுத்துகளின் இடுக்கிலும், கறுப்பு பிளாஸ்டிக் ஓரங்களிலும் வெள்ளையாகத் தங்கிவிடுவது பெரும்பாலும் இந்தத் தடிப்பான பூச்சுதான். எழுத்து இடுக்குக்குப் பழைய டூத் பிரஷ் போதும், மெதுவாக.

ஏற்கெனவே இறுகிப் போயிருந்தால் பலத்தைக் காட்டாதீர்கள். அதே வேக்ஸை அதன்மேலேயே மெல்லிசாக இன்னொரு கை பூசினால், புதிதில் இருக்கும் கரைப்பான் பழையதை இளக்கிக் கொடுக்கும், உடனே துடைத்துவிடலாம். குயிக் டீடெய்லர் என்று விற்கும், அடித்துத் துடைக்கிற ஸ்ப்ரேயும் உதவும்.

செராமிக் கோட்டிங்கை நான் கையால் போட்டதில்லை, கடையில் போடும்போது பக்கத்தில் நின்று பார்த்ததோடு சரி. அங்கே கணக்கே வேறு, சில நிமிஷத்துக்குள் சமன்செய்து துடைக்காவிட்டால் அப்படியே இறுகிவிடும், பாலிஷ் போட்டுத்தான் எடுக்கணும். வேக்ஸ் அனுபவத்தை நம்பி அதில் இறங்க வேண்டாம்.

மூடிய ஷெட் இருந்து, கையில் சீலண்ட் இருந்து, வண்டியும் வெளிர் நிறம் என்றால் மொத்தமாகப் பூசிவிட்டுக் காபிக்குப் போங்கள், தப்பே இல்லை. திறந்த பார்க்கிங், பேஸ்ட் வேக்ஸ், ரோட்டோர வீடு என்றால் பானெட்டைக்கூட இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள், ஒரு பாதி பூசி, விரல் வைத்துப் பார்த்து, துடைத்து, துணியைத் திருப்பி மடித்துக்கொண்டு மறு பாதி.