நீர் சுமந்து வந்ததா, தானே பிளந்து வந்ததா? மூலப்பாறையை விட்டு எண்ணெய் கிளம்பும் வழிகள்

ஒட்டாத உறவைச் சொல்ல "எண்ணெயும் தண்ணீரும் போல" என்கிறோம். ஆனால் பூமிக்கடியில் எண்ணெயை அதன் பிறப்பிடமான மூலப்பாறையிலிருந்து வெளியே சுமந்து வந்தது தண்ணீர்தான் என்று பெட்ரோலியப் புவியியலில் பல பத்தாண்டுகள் வாதிட்டவர்கள் உண்டு. அந்த வாதத்தில் நியாயமும் இருந்தது. களிப்பாறையின் துளைகளில் முதலில் குடியிருப்பது நீர். வண்டல் அமுங்க அமுங்க வெளியேறுவதும் அந்த நீர்தான். போகிற வண்டியில் எண்ணெயும் ஏறிக்கொண்டது என்று நினைப்பது இயல்பே. அந்த விளக்கத்தையும் அதற்கு எதிராக எழுந்த மற்ற விளக்கங்களையும் அருகருகே வைத்து, எது கணக்குக்கு நிற்கிறது என்று பார்க்கலாம். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எண்ணெயைப் பொறுத்தவரை நீர் வழக்கில் தோற்றுவிட்டது, வாயுவைப் பொறுத்தவரை முழுவதும் தோற்கவில்லை.

பிறப்பைப் பற்றி இன்று பெரிய சண்டை இல்லை. 1930-களில் ஜெர்மானிய வேதியியலாளர் ஆல்ஃபிரட் டிரைப்ஸ், கச்சா எண்ணெயில் பச்சையத்தோடு உறவுடைய போர்பிரின் மூலக்கூறுகளைக் கண்டறிந்தார். எண்ணெயின் பூர்வீகம் உயிரினங்கள் என்பதற்கு அது கையெழுத்துப் போன்ற சான்று. ஆக்சிஜன் குறைந்த கடலடியிலும் ஏரியடியிலும் படிந்த பாசியும் நுண்ணுயிர்களும், புதையும்போது கரைப்பான்களில் கரையாத கெரோஜன் என்ற திடப்பொருளாக மாறுகின்றன. ஏறத்தாழ 60 முதல் 150 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் கெரோஜன் உடைந்து எண்ணெய் தருகிறது. அதற்கு மேலே போனால் மிஞ்சுவது பெரும்பாலும் வாயு. பாசியிலிருந்து வந்த கெரோஜன் எண்ணெயை அள்ளித் தரும். நிலத்தாவர மரப்பொருளிலிருந்து வந்தது பெரும்பாலும் வாயுவைத்தான் தரும்.

சிக்கல் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. எண்ணெய் பிறக்கும் களிப்பாறையில் ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் இடையிலுள்ள கழுத்தின் அகலம் ஏறத்தாழ 5 முதல் 100 நானோமீட்டர். எண்ணெயின் கனமான மூலக்கூறான அஸ்பால்டீன் ஒன்றே 10 நானோமீட்டர் வரை வரக்கூடும். ஆனையைக் குதிருக்குள் ஒளித்து வைத்துவிட்டார்கள். அது எப்படி வெளியே வந்தது?

நீரில் கரைந்து வந்தது என்பது முதல் விளக்கம். இதை ஒரு கனமீட்டர் பாறையில் சோதித்துப் பார்ப்போம். எடை சுமார் 2,400 கிலோ, அதில் கரிமக் கார்பன் 3 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 72 கிலோ. ஒரு கிராம் கார்பனுக்கு 400 மில்லிகிராம் வீதம் ஹைட்ரோகார்பன் பிறந்தால் மொத்தம் ஏறக்குறைய 29 கிலோ. அதில் பாதி வெளியேறியது என்றாலும் 14 கிலோவுக்கு வண்டி வேண்டும். எண்ணெய் பிறக்கும் ஆழத்தில் பாறையின் நுண்துளை அளவு 10 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகக் குறைகிறது என்று தாராளமாகவே கொள்வோம். வெளியேறும் நீர் 30 லிட்டர். ஒரு லிட்டர் நீர் 50 மில்லிகிராம் எண்ணெயைக் கரைத்துக்கொண்டால் 30 லிட்டரும் சேர்ந்து சுமப்பது ஒன்றரை கிராம். தேவை 14 கிலோ, கிடைப்பது ஒன்றரை கிராம்! யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பதுகூட இங்கே பெருந்தன்மையான உவமை. என் எடுகோள்களைப் பத்து மடங்கு மாற்றிப் போட்டாலும் பள்ளம் நிரம்பாது.

காலக்கணக்கும் உதைக்கிறது. கடலடிச் சேற்றில் பாதிக்கு மேல் நீராக இருக்கும். அதில் பெரும்பகுதி முதல் இரண்டு கிலோமீட்டர் ஆழத்துக்குள்ளேயே பிழியப்பட்டுவிடுகிறது. எண்ணெய் முழுவீச்சில் பிறப்பதோ அதற்குக் கீழே. பயணி நிலையத்துக்கு வருமுன்பே வண்டி புறப்பட்டுவிட்டது. இந்த ஓட்டையை அடைக்கத்தான் 1960-களில் களிமண் கனிம நீரைப் பற்றிய யோசனை வந்தது. ஸ்மெக்டைட் என்ற களிமண் கனிமம் இல்லைட்டாக மாறும்போது தன் அடுக்குகளுக்கிடையே பிடித்துவைத்த நீரை விடுகிறது. அந்த மாற்றம் எண்ணெய் பிறக்கும் வெப்பத்தை ஒட்டியே நடக்கிறது. அழகான யோசனை, நேரப் பொருத்தத்தை அது சரிசெய்தது. ஆனால் அளவுப் பொருத்தத்தைச் சரிசெய்யவில்லை. ஸ்மெக்டைட்டே இல்லாத சுண்ணாம்பு மூலப்பாறைகளும் தாராளமாக எண்ணெய் தந்திருக்கின்றன.

இவை இரண்டையும்விட எனக்கு வலுவாகப் படுவது எண்ணெயின் சேர்மானம். 25 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் பென்சீன் ஏறத்தாழ 1,780 மில்லிகிராம் கரையும். அதே ஆறு கார்பன் கொண்ட ஹெக்சேன் 9.5 மில்லிகிராம்தான் கரையும். கார்பன் சங்கிலி நீள நீள, கரைதிறன் இல்லை என்றே சொல்லிவிடலாம். நீர்தான் சுமந்தது என்றால், எண்ணெய் போய்ச் சேர்ந்து தங்கும் தேக்கப்பாறையில் பென்சீனும் அதன் உறவான டொலுயீனும் குவிந்திருக்க வேண்டும். உண்மையில் பெரும்பாலான கச்சா எண்ணெயில் பென்சீன் 1 சதவீதத்துக்கும் குறைவு. நீரை அண்டாத நீண்ட சங்கிலிகள்தான் நிறைந்திருக்கின்றன. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த லீ பிரைஸ், சூடான நீரில் கரைதிறன் செங்குத்தாக ஏறுகிறது என்று ஆய்வகத்தில் அளந்து, 1976-ல் நீர் வாதத்துக்கு உயிர் கொடுத்தார். அளவீடு நேர்மையானது. ஆனால் அந்தச் சூடு கிடைக்கும் ஆழம், வழக்கமான எண்ணெய் பிறப்பு எல்லைக்குக் கீழே இருக்கிறது. இந்த பிரைஸை மறக்க வேண்டாம். கடைசியில் மீண்டும் வருவார்.

இரண்டாவது விளக்கம் மைசெல். சோப்பு அழுக்கை எடுப்பதுபோல, கரிம அமிலங்களின் உப்புகள் எண்ணெயைச் சுற்றி உருண்டை கட்டி நீரில் தூக்கிச் சென்றன என்பது. அவ்வளவு எண்ணெயைத் தூக்கும் அளவுக்குச் சோப்பு எங்கே இருந்தது என்று கேட்டாலே இது தடுமாறுகிறது. உருண்டைகளில் பெரியவை துளைக்கழுத்தில் நுழையவும் மாட்டா. இதற்கு மேல் இதில் நேரம் செலவிடத் தேவையில்லை.

மூன்றாவது, மூலக்கூறு மூலக்கூறாகப் பரவுதல். இதற்குக் கண்ணால் பார்க்கும்படியான சான்று உண்டு. ஆர்க்டிக் பகுதியின் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவில் எடுத்த துளையிடல் மாதிரிகளில், மணற்கல்லும் களிப்பாறையும் மாறி மாறி வரும் அடுக்குகளை 1980-களில் லைட்டாய்சர் குழுவினர் சென்டிமீட்டர் சென்டிமீட்டராக ஆராய்ந்தார்கள். தடித்த களிப்பாறையின் நடுவில் ஹைட்ரோகார்பன் நிறைய இருந்தது. மணற்கல்லைத் தொடும் ஓரங்களில் குறைந்திருந்தது. சிறிய மூலக்கூறுகள் அதிகமாகவும் நீண்டவை குறைவாகவும் வெளியேறியிருந்தன. ஓரத்தில் நடக்கும் கசிவை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் ஆய்வு வேறொன்று என் நினைவுக்கு வரவில்லை. இருந்தாலும் பரவலுக்கு ஒரு பிறவிக் குறை: அது சிதறடிக்குமே தவிரச் சேர்க்காது. மூலக்கூறு பெரிதாகப் பெரிதாக வேகமும் விழுந்துவிடுகிறது. மீத்தேனுக்கு இது மெய்யான வழி. அழுத்தம் கூடினால் மீத்தேன் நீரில் கரைவதும் கூடும் என்பதால், நீர்வழியையும் வாயுவுக்கு அடைத்துவிட முடியாது. தடித்த எண்ணெய்க்கு இவை இரண்டும் சந்துகள், நெடுஞ்சாலை வேறு.

அந்த நெடுஞ்சாலைதான் நான்காவது விளக்கம்: எண்ணெய் எதிலும் கரையாமல், எண்ணெயாகவே, தன் அழுத்தத்தால் வெளியேறுகிறது. கெரோஜன் திடமாக இருக்கும்வரை மேலிருக்கும் பாறைச் சுமையில் ஒரு பங்கைத் தானும் தாங்குகிறது. அது திரவமானதும் அந்தச் சுமை திரவத்தின்மேல் இறங்குகிறது. திரவத்தின் பருமனும் திடத்தின் பருமனைவிட அதிகம். மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் நீர்த்தூணின் அழுத்தம் சுமார் 300 பார் (ஒரு பார் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்). பாறையின் சுமை சுமார் 680 பார். போக வழியில்லாத திரவத்தின் அழுத்தம் முதல் எண்ணிலிருந்து இரண்டாவது எண்ணை நோக்கி ஏறும்போது, பாறை படிவுத் தளங்களை ஒட்டி மயிரிழைப் பிளவுகளாக வெடிக்கிறது. கொஞ்சம் எண்ணெய் வெளியேறும், அழுத்தம் இறங்கும், பிளவு மூடும், மறுபடி அழுத்தம் ஏறும். குதிரின் சுவரை உடைத்துக்கொண்டு வந்தது ஆனைதான்.

இதை ஆய்வகத்தில் பார்க்க முடியும். 1979-ல் மைக்கேல் லூவன் குழுவினர் வெளியிட்ட சோதனை எளிமையானது: கரிமம் நிறைந்த களிப்பாறைச் சில்லுகளை நீரோடு ஓர் எஃகுக் கலத்தில் மூடிச் சூடாக்குவது. பின்னாளில் வழக்கமான அளவு, 330 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் 72 மணி நேரம். ஆறவைத்துத் திறந்தால் நீரின்மேல் எண்ணெய்ப் படலம் மிதக்கிறது. யாரும் பிழியவில்லை, கரைப்பான் ஊற்றவில்லை. பாறையே அதைத் தள்ளிவிட்டது. பாறைக்குள் பிசின் போன்ற பிட்டுமென் பாக்கி நிற்கிறது. வெளியே வந்த எண்ணெயில் நிறைவுற்ற ஹைட்ரோகார்பன்களின் பங்கு கூடுதல். இயற்கையில் தேக்கப்பாறை எண்ணெய்க்கும் மூலப்பாறை மிச்சத்துக்கும் நாம் பார்க்கும் வேறுபாடும் இதே திசையில்தான் இருக்கிறது.

களச் சான்றாக அமெரிக்க–கனடா எல்லையிலுள்ள வில்லிஸ்டன் படுகையின் பாக்கன் களிப்பாறையைச் சொல்லலாம். ஃபிரெட் மைஸ்னர் 1978-ல் கவனித்தது இது: எண்ணெய் தரும் அளவுக்குப் பாறை இன்னும் சூடாகி முதிராத இடங்களில் அது மின்சாரத்தை ஓரளவு கடத்தியது, ஏனென்றால் துளைகளில் உப்புநீர். முதிர்ந்த இடங்களில் மின்தடை பலமடங்கு எகிறியது. எண்ணெய் நீரைத் துளையிலிருந்தே விரட்டியிருந்தது. அதே இடங்களில் அழுத்தமும் இயல்பை மீறியிருந்தது. சுமக்கும் என்று நம்பப்பட்ட நீரையே எண்ணெய் வெளியேற்றிவிட்டது என்றால் வேறென்ன சான்று வேண்டும்?

இந்த விளக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு. கரிமம் ஒரு சதவீதத்துக்கும் குறைவான பாறையில் எண்ணெய்த் துளிகள் ஒன்றோடொன்று கைகோக்க முடிவதில்லை. தொடர்ச்சி இல்லாத எண்ணெயால் அழுத்தம் கொடுத்து நகர முடியாது. அது அங்கேயே கிடந்து, மேலும் புதைந்து, வாயுவாக உடைகிறது. மிகுந்த அழுத்தத்தில் அந்த வாயு லேசான திரவங்களைத் தன்னுள் கரைத்துக்கொண்டு கிளம்பும். ஏழைப் பாறைகளிலிருந்து வாயுவும், கண்டன்சேட் எனப்படும் அந்த லேசான திரவமும் மட்டும் வருவதற்கு இது நல்ல விளக்கம்.

வெளியே வந்தபின் ஓட்டும் விசை மாறுகிறது. நீரைவிட லேசான எண்ணெய் மிதந்து மேலேறும். பிளவுப்பெயர்ச்சி வழியாகச் செங்குத்தாகவோ, ஊடுருவ விடும் அடுக்கு வழியாகப் பக்கவாட்டாகவோ. எது என்பதைப் படுகையின் அமைப்பு தீர்மானிக்கிறது. பாக்கனின் இரண்டு கரிய களிப்பாறைகளுக்கு நடுவே கரிமம் மிகக் குறைந்த ஒரு வண்டல்–டோலமைட் அடுக்கு இருக்கிறது. தனக்கென எண்ணெய் பிறப்பிக்க முடியாத அந்த அடுக்கு எண்ணெயால் நிறைந்திருக்கிறது. ஆகவே மூலப்பாறையை விட்டு அது கிளம்பியது உறுதி. ஆனால் மேலே லாட்ஜ்போல் என்ற பெயருடைய சுண்ணாம்புக்கல் இறுக மூடியிருந்ததால் பெரும்பாலும் அதற்குமேல் போகவில்லை. மைஸ்னர் அது இன்னும் மேலே ஏறி மாடிசன் அடுக்குகளை நிரப்பியது என்று நினைத்தார். அந்த எண்ணெய்களின் வேதியியல் பின்னர் அதை மறுத்தது. மறுத்தவர்களில் ஒருவர், நீர்வாதத்தில் தோற்ற அதே லீ பிரைஸ். 2000-ல் இறப்பதற்குச் சற்று முன் எழுதி அச்சேறாமல் போன கட்டுரையில், பாக்கனில் பிறந்த எண்ணெய் 271 முதல் 503 பில்லியன் பீப்பாய் வரை இருக்கும் என்றும், அதில் பெரும்பகுதி அங்கேயே நிற்கிறது என்றும் கணக்கிட்டார். பிறகு கிடைமட்டக் கிணறுகள் அந்த நடு அடுக்கைத் தேடித்தான் போயின.

பாக்கனின் சமகாலத்துப் பாறையான எக்ஷா, மேற்குக் கனடாவில் இருக்கிறது. அதே கருப்புக் களிப்பாறை, அதே வளமான கரிமம். அங்கே மேலே போக வழியும், கிழக்கே சாய்வாக ஏறும் அடுக்குகளும் இருந்தன. அதன் எண்ணெய் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்து, மேற்பரப்பை நெருங்கி, பாக்டீரியாக்கள் லேசான பகுதியைத் தின்றுவிட, அதபாஸ்கா மணலில் தாராகக் கிடக்கிறது.